கம்பெனிக் கூட்டமும் மாலை நேர ஊர்சுற்றலும்: செட்டிநாடா, தரங்கம்பாடியா?

எங்கள் கம்பெனியின் வருடாந்திரக் கூட்டத்தை இந்த முறை வெளியூரில் வைக்கலாம் என்று முடிவானதும், இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பது பேருக்கு மேல். பாதிப் பேர் சென்னை, மீதிப் பேர் மதுரை, கோவைப் பக்கம். பகலில் கூட்டம் உருப்படியாக நடக்க வேண்டும், மாலையில் எதையாவது பார்த்தோம் என்று இருக்க வேண்டும், மலையும் ரிசார்ட்டும் வேண்டாம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியவை செட்டிநாடும் தரங்கம்பாடியும்தான்.

கடைசியில் செட்டிநாட்டுக்குப் போனோம். யாராவது கேட்டால் இப்போதும் அதைத்தான் சொல்வேன். தரங்கம்பாடிக்கு இடம் பார்க்கப் போய்ச் சுற்றிவிட்டு வந்ததோடு சரி, அங்கே கூட்டம் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. ஆகவே என் தராசு ஒரு பக்கம் சாய்ந்தேதான் இருக்கும்.

போய்ச் சேர்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் சென்னை என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தரங்கம்பாடி நேர்வழி. ரயிலில் போனால் மயிலாடுதுறையில் இறங்கி வண்டி பிடிக்க வேண்டும். செட்டிநாட்டுக்கு எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பிற்பகலில் ஏறினால் இரவு காரைக்குடி. மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டுமே ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தொலைவு. பல ஊர்க்காரர்கள் வந்து சேர வேண்டும் என்றால் செட்டிநாடே வசதி.

முடிவைத் தீர்மானித்தது வெளிச்சக் கணக்கு. கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று காகிதத்தில் போட்டாலும், உண்மையில் நான்கு மணிக்கு முன்னால் யாரும் எழுந்திருப்பதில்லை. ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். நடுவில் இருப்பது இரண்டரை மணி நேரம். காலையில் சுற்றிவிட்டு மதியம் கூட்டம் வைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். வெயிலில் அலைந்து, சாப்பிட்டுவிட்டு உட்காருபவர்களிடம் அடுத்த வருட இலக்கைப் பற்றிப் பேசிப் பாருங்கள், தெரியும். கோயில்களும் மதியம் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். அதனால் கூட்டம் பகலில், சுற்றல் மாலையில். அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் எது அடங்கும் என்பதுதான் கேள்வி.

தரங்கம்பாடியில் முதல் மாலை பிரமாதமாக அடங்கும். வண்டியே வேண்டாம். 1792ல் கட்டிய நகர வாயிலில் நுழைந்து ராஜா தெருவில் நடந்தால், 1701ஆம் வருடத்துச் சீயோன் தேவாலயம், 1718ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், கடைசியில் கடலைப் பார்த்தபடி டேனிஷ்காரர்களின் 1620ஆம் வருடத்துக் கோட்டை. பக்கத்திலேயே கடல் அரித்துக்கொண்டே வந்த மாசிலாமணிநாதர் கோயில். தமிழ் அச்சு வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, சீகன்பால்க் அச்சகம் நடத்திய ஊர் என்பதே போதும். ஒரே ஒரு மாலைதான் என்றால் செட்டிநாட்டில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் நம்முடையது இரண்டு இரவுத் திட்டம். மறுநாள் மாலை பூம்புகார் போகலாம், திருக்கடையூர் போகலாம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் முப்பது பேரை ஒன்றாகக் கூட்டிப் போய்த் திரும்புவது லேசான காரியமில்லை.

செட்டிநாட்டில் பார்க்க வேண்டியவை சிதறிக் கிடக்கின்றன. ஆனால் பழைய செட்டியார் பங்களாக்கள் உள்ள கானாடுகாத்தானில் தங்கினால் ஒவ்வொன்றும் அரை மணி நேர ஓட்டம்தான். முதல் நாள் ஆத்தங்குடி, தரைக்குப் போடும் பூக்கல் செய்கிற ஊர். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தண்ணீரில் ஊறும், வெயிலில் காயும். சூளையே கிடையாது. பட்டறையில் வேலை நடக்கும்போது போய்விட வேண்டும். எங்கள் கணக்குப் பிரிவு ஆட்கள் அங்கிருந்து நகர மறுத்தார்கள், ஒரு கல் என்ன விலை என்று கேட்டபடி.

இரண்டாம் நாள் திருமயம். ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி 1687ல் கட்டிய கோட்டை. பாறைமேல் ஏறினால் பீரங்கியும் காற்றும். கீழே சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள். ஏற முடியாதவர்களைப் பிள்ளையார்பட்டிக்கு அனுப்பினோம். பழம்பொருள் பைத்தியங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனார்கள். கடைகளுக்கு வெளிச்சக் கணக்கே கிடையாது, இருட்டிய பிறகும் பேரம் பேசலாம். இப்படி ஆளுக்கொரு திசையில் பிரிந்து போனாலும் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே பந்தியில். கடற்கரை ஊரில் இப்படிப் பிரிக்க முடியாது, ஒரு பக்கம் முழுக்கக் கடலாயிற்றே.

கூடம் விஷயத்தில் செட்டிநாட்டை முழுசாகப் புகழ மாட்டேன். பர்மா தேக்குத் தூண்களும் இத்தாலியச் சலவைக்கல்லும் போட்டோவுக்கு அழகு, புரொஜெக்டருக்கு எதிரி. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தூண் வரிசைக் கூடத்தில், முற்றத்து வெளிச்சம் நேராகத் திரையில் விழும், தூண் மறைக்கும், மைக் வைத்தால் எதிரொலிக்கும். மூடிய அறை இருக்கிறதா, ஜெனரேட்டர் ஏசியையும் தாங்குமா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். தங்கும் விடுதியாக மாற்றிய பங்களாக்களில் அறைகளும் குறைவு. ஆளுக்கு ஓர் அறை என்றால் இரண்டு வீடுகளில் பிரிந்து தங்க வேண்டியிருக்கும். ஐம்பது பேரைத் தாண்டினால் காரைக்குடி ஊருக்குள் சாதாரண ஓட்டல்தான் வழி என்று நினைக்கிறேன். நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை.

அப்புறம், சாப்பாடு. மதியம் முழு விருந்து போடச் சொல்லாதீர்கள். பிற்பகல் அமர்வு அதோடு முடிந்தது. மதியம் சாம்பார், கூட்டு, பொரியல் என்று நிறுத்திவிட்டு, கோழியும் உப்புக்கறியும் இரவுக்குத் தள்ளுங்கள். நான்கு மணித் தேநீரோடு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொடுத்தால், கூட்டம் சரியான நேரத்தில் முடிய வேறு மணி அடிக்கத் தேவையில்லை.

பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே இரவு, எல்லோரும் சென்னை என்றால் தயங்காமல் தரங்கம்பாடிக்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையை மட்டும் தவிருங்கள், வடகிழக்குப் பருவமழையும் புயலும் அந்தக் கரையில்தான் ஏறும். செட்டிநாட்டுக்குத் தவிர்க்க வேண்டியது சித்திரை, வைகாசி வெயில். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடிப் பக்கம் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். எந்தத் தேதியானாலும் முகூர்த்த நாளா என்று காலண்டரில் பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். கல்யாணத்துக்கு வீட்டைக் கேட்டுவிட்டார்கள் என்றால் நம் கூட்டத்துக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.