கணினியைச் சுத்தம் செய்ய பிளீச்பிட் போதும், அதுவும் எப்போதாவது

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் வேண்டாத கோப்புகளை அழிக்கும் 'கிளீனர்' மென்பொருள் தனியாகத் தேவையே இல்லை. கட்டாயம் வேண்டும் என்றால் பிளீச்பிட் போடுங்கள். இலவசம், திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் திறந்து பார்க்கலாம்), 2008 முதல் இருக்கிறது. லினக்ஸிலும் ஓடும்.

சொந்தபந்தத்தில் யாருடைய கணினி மெதுவானாலும் என்னிடம்தான் வரும் என்பதால், இந்த வகை மென்பொருள்களை வேண்டாத அளவுக்குப் பார்த்தாயிற்று. பெயர் வேண்டாம், ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திறந்ததும் சிவப்பு வட்டம், நடுவில் நூற்றுக்கணக்கில் 'பிரச்சினைகள்'. பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி பிரவுசர் குக்கீகள், அதாவது நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் விட்டுவைக்கும் சின்னக் குறிப்புகள். ஒவ்வொரு குக்கீயையும் ஒரு பிரச்சினையாக எண்ணி வைத்திருந்தது! மீதியெல்லாம் எப்போதோ நீக்கிய மென்பொருள்கள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) விட்டுப்போன வரிகள். அவை பாட்டுக்குக் கிடந்தால் ஒரு கெடுதலும் இல்லை. தப்பான வரியை நீக்கினால்தான் வம்பு. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. 'சரிசெய்' பட்டனை அழுத்தினால் பணம் கட்டும் பக்கம் திறந்தது. நேராக அன்இன்ஸ்டால்.

சரி, பேர்போன மென்பொருளாக இருந்தால் நம்பலாமா? சிசிகிளீனர் அளவுக்குப் பிரபலமான கிளீனர் வேறு இல்லை. 2017 ஆகஸ்டில் வந்த அதன் 5.33 பதிப்பின் 32 பிட் கோப்பில் யாரோ தீம்பொருளை நுழைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு அது இறங்கியது. ஏறத்தாழ 22.7 லட்சம் பேரின் கணினிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, செப்டம்பரில்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஓட்டையை அப்போதே அடைத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் கணினியின் மூலைமுடுக்கெல்லாம் கைவைக்கும் உரிமையை ஒரு மென்பொருளுக்குக் கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க எனக்கு அது போதும்.

பிளீச்பிட்டுக்கு வருவோம். பார்வைக்கு அழகே இல்லை. பழைய அலுவலகப் படிவம் மாதிரி இருக்கும். இடப்பக்கம் பிரவுசர்கள், சிஸ்டம் என்று வரிசையாக டிக் பெட்டிகள். மேலே 'பிரிவ்யூ' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, இந்த மென்பொருளின் மதிப்பே அதில்தான். அழுத்தினால் எதையும் அழிக்காது. எந்தெந்தக் கோப்பு போகும், எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனை கேபி, எத்தனை எம்பி என்று வரி வரியாகக் காட்டும். கடைசியில் மொத்தம் எவ்வளவு இடம் மிச்சமாகும் என்று கூட்டியும் தரும். பிரவுசரின் 'பாஸ்வேர்ட்ஸ்' பெட்டியில் டிக் போட்டால், சேமித்து வைத்த கடவுச்சொற்கள் போய்விடும் என்று எச்சரிக்கும். ஏற்கெனவே அழித்த கோப்புகளை மீட்க முடியாதபடி காலி இடத்தை மேலெழுதி அழிக்கும் வசதியைத் தொட்டால், இது மெதுவாக நடக்கும் என்று சொல்லும். (உங்கள் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகைச் சேமிப்பகம் என்றால் அந்த வசதி பக்கமே போகாதீர்கள். வீணாக எழுதி எழுதித் தேய்வதுதான் மிச்சம்.) ரெஜிஸ்ட்ரியைச் 'சரிசெய்யும்' பகுதி இதில் இல்லை. அதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அது நிறை.

குறை இல்லாமல் இல்லை. அழித்தால் அழித்ததுதான், ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. குக்கீகளை அழித்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை, அப்புறம் என்னிடம் வந்து சண்டை போடுவார்கள். பிரவுசர் கேஷை (பார்த்த பக்கங்களின் படங்களை மறுபடி இறக்காமல் இருக்க அது சேர்த்து வைக்கும் நகல்கள்) வாராவாரம் துடைப்பதும் வெட்டி வேலை. அதே படங்களைப் பிரவுசர் மறுபடி இறக்கும், பக்கம் முன்னைவிட மெதுவாகத்தான் திறக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பக்கத்தைப் பாருங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு மிஞ்சும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டர் மட்டுமே பல ஜிபி பிடிக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணம் இல்லையென்றால் தாராளமாக நீக்கலாம். அங்கேயே 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். அது குப்பை இல்லை, நீங்கள் இறக்கிய கோப்புகள். டிக் போடுவதற்கு முன் உள்ளே என்ன கிடக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பிளீச்பிட் வேண்டும் என்றால் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வருகிற விளம்பர இணைப்பு வேண்டாம். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் போர்ட்டபிள் பதிப்பும் உண்டு. நான் பென்டிரைவில் வைத்திருப்பது அதைத்தான். பிரிவ்யூ பட்டியலைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு மட்டும் இதை நான் போட்டுக் கொடுப்பதில்லை.