கல்லா, சுவரா, கித்தானா: மைசூர்க் குதிரைவீரனுக்கு எதை நம்பி வண்ணம் தீட்டுவது?

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால்தான் சேலமும் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிச் சுற்றுப் பகுதி) மைசூர் மன்னர் திப்புவின் கையிலிருந்து ஆங்கிலேயக் கும்பினியின் கைக்கு மாறின. அந்த உடன்படிக்கையில் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரில் இரு தரப்பிலும் ஓடிய குதிரைகளையும் வீரர்களையும் 28 மி.மீ. அளவுச் (ஆள் உயரம் 28 மி.மீ.) சிற்றுருவங்களாகச் சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டு மாடியில் தீட்டிவரும் எனக்கு, வண்ணக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே எழும் சிக்கல், குதிரையின் எந்தத் தோல்வார் எங்கே ஓடியது, எந்த வாள் யாருடையது என்பதுதான்.

அருகில் இருப்பது தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். கெட்டி முதலிகளின் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய குதிரைவீரர் தூண்களைப் பக்கவாட்டில் நின்று, வெயில் சாயும் நேரத்தில் பார்த்தால், சேணத்தின் கட்டுமானத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் உணரலாம். முப்பரிமாணம் என்பதால், வார் உடம்பை எப்படித் தழுவுகிறது என்பதில் கல்லுக்கு ஈடில்லை. ஆனால் திப்புவின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தியது அது, நிறமும் சொல்லாது. அலங்காரத்துக்காகச் சிற்பி கூட்டிய மணியையும் போர்க்களத்தில் உண்மையாகவே தொங்கிய மணியையும் பிரித்தறிய வழியில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியம் காலத்தால் நெருக்கமானது. 1780இல் புள்ளலூரில் நடந்த சண்டையைக் காட்டும் அதில் குதிரைகள் வரிசை வரிசையாகப் பக்கவாட்டில் நிற்பதால் கடிவாளத்தையும் சேணத்துணியையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டுவிடலாம். பிற்காலத்தில் அதன்மேல் மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்பதால் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. வடிவத்தை நம்பலாம், சாயலைச் சந்தேகிக்கலாம்.

ஆங்கிலேயரின் கித்தான் ஓவியங்களை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஓவியர் ராபர்ட் ஹோம், ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படையோடு கூடவே சென்றவர். திப்புவின் மைந்தர்கள் பணயமாக ஒப்படைக்கப்பட்ட அதே காட்சியைத் தீட்டிய மாதர் பிரவுனோ இந்தியாவுக்கே வராமல் லண்டனிலிருந்து வரைந்தவர். இருவரின் படங்களும் இணையத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதுதான் வினை.

என் தீர்ப்பு சுவரோவியத்துக்கே, ஒரு திருத்தத்தோடு. வயிற்றுவாரில் தொடங்கி முன்னங்கால்களுக்கு நடுவே ஏறி மூக்குவாரைப் பிடிக்கும் வார், இந்தியச் சிற்றோவியங்களில் அடிக்கடி தென்படுவது. ஐரோப்பியக் குதிரையின் அச்சிலேயே வார்த்த உருவங்களில் இது இருப்பதில்லை. மெல்லிய காகித நறுக்கை ஒட்டித்தான் சேர்க்க வேண்டும். 25 மி.மீ. அகலமுள்ள வார் இந்த அளவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடும் என்பதால் காகிதமே போதும், மேலே ஒரு கோடு அடர்பழுப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்). கால் வைக்கும் அங்கவடிக்கு இரும்பு நிறம் போதுமானது.

புலிவரியை எல்லா மைசூர் வீரன்மீதும் தீட்டுவது நம்மவர் செய்யும் பெரிய பிழை. அது திப்புவின் காலாட்படைச் சீருடையோடு சேர்ந்தது. சொந்தக் குதிரையோடு வந்த சிலேதாருக்குச் சீருடையே கிடையாது, கலவையான நிறங்களே பொருந்தும்.

வாளுக்கு மட்டும் படங்களை விட்டுவிட்டு அருங்காட்சியகத்து இரும்பைப் பார்ப்பதே நல்லது. தல்வார் என்னும் இந்திய வளைவாளின் பிடி மேல்முனையில் வட்டத் தட்டாக முடியும். அந்தத் தட்டின் விளிம்பில் வெள்ளிப் புள்ளி வைத்தால், ஒரு கை தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். எங்கள் தெருவில் கொலுசு வேலை செய்யும் அண்ணன், "தம்பி, முழுத் தட்டுக்கும் பூசாதீங்க, இழைச்ச வேலை மாதிரி ஓரத்துல மட்டும் வைங்க" என்று லூப் என்னும் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டியபடி சொன்னது சரியாகவே வந்தது.

வெள்ளைக்காரக் குதிரைவீரனிடம் தவறு இன்னும் எளிதில் நேரும். நுனியை நோக்கி அகலும் வளைந்த வாள், பிரிட்டிஷ் படையின் 1796ஆம் ஆண்டு மாதிரி வடிவம். 1791 களத்தில் அது இருந்திருக்கவே முடியாது. அதற்கு 1788ஆம் ஆண்டு மாதிரி வடிவமே பொருந்தும். இது தெரியாமல் வாங்கிவிட்ட ஆறு உருவங்களை அரம் வைத்துக் கெடுக்க மனம் வராமல், 1803 அசாயேப் போரின் 19ஆம் இலகு டிராகூன்களாக (பிரிட்டிஷ் குதிரைப்படைப் பிரிவு) மாற்றி வேறு தட்டில் ஏற்றிவிட்டேன்.