செல் பிரிக்கும் மின்புல சிப்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

உயிருள்ள ஈஸ்ட்டையும் செத்த ஈஸ்ட்டையும் பிரிக்கத்தான் இந்த மைக்ரோஃபுளூயிடிக் சிப்பை (முடி அளவு நுண்ணிய கால்வாய்களில் திரவத்தை ஓடவிடும் சில்லு) வாங்கினோம். வேலை செய்வது டைஎலக்ட்ரோஃபோரெசிஸ், 1951-ல் இயற்பியலாளர் ஹெர்பர்ட் போல் பெயர் வைத்த விளைவு. சீரற்ற ஏசி மின்புலத்தில், சவ்வு முழுசாக இருக்கிறதா சிதைந்துவிட்டதா என்பதைப் பொறுத்து செல் நகரும் திசையே மாறும், செல்லை அடையாளம் காண ஆன்டிபாடி எதுவும் ஒட்டத் தேவையில்லை. 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்ததும் உயிருள்ளவை எலக்ட்ரோடு விளிம்பில் முத்து கோத்ததுபோல் வரிசையாக ஒட்டிக்கொண்டன, மெத்திலீன் நீலச் சாயம் ஏறிய செத்தவை ஓட்டத்தோடு போய்விட்டன. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே மனசு வரவில்லை!

ஆனால் பஃபர், அதாவது செல்கள் மிதக்கும் கரைசல், விஷயத்தை கையேட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அது தப்பு. சாதாரண உப்புக் கரைசலோடு ஓட்டினால் சூடேறும், குமிழி வரும், உயிருள்ள செல்லும் எலக்ட்ரோடு பக்கம் வராது. மின்சாரத்தை அதிகம் கடத்தாத சுக்ரோஸ் கரைசலில் இரண்டு மூன்று தடவை கழுவிய பிறகே எங்களுக்குச் சரியாக வந்தது. அப்புறம், வேகம் குறைவு, அவசர வேலைக்கு ஆகாது.

பாக்டீரியாவுக்கு என்றால் யோசித்து வாங்குங்கள். அவை ஈஸ்ட்டைவிடச் சிறியவை; செல்லை இழுக்கும் விசையோ அதன் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது, ஆரம் பாதியானால் விசை எட்டில் ஒன்றுதான், இந்த எலக்ட்ரோடு இடைவெளிக்கு அது போதவில்லை.