கடப்பா கல் தட்டா, மாடுலர் கிச்சனா: சமையலறையைப் புதுப்பிக்கும் முன்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு 1998-ல் அப்பா கட்டியது. சமையல் மேடைக்குக் கீழே செங்கல் தடுப்பு, நடுவில் கடப்பா கல் தட்டு. கதவு கிடையாது, திரைத்துணிதான். இரண்டு வருடத்துக்கு முன் சமையலறையைப் புதுப்பிக்க இறங்கியபோது, பார்க்க வந்த எல்லோரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: "எல்லாத்தையும் உடைச்சுட்டு மாடுலர் போட்டுடுங்க." மாடுலர் என்றால் தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து கொண்டுவந்து மேடைக்கு அடியில் பொருத்துவது. நாங்கள் உடைக்கவில்லை. கல்லை அப்படியே வைத்துக்கொண்டு முகப்பில் சட்டமும் கதவும் மட்டும் போட்டோம்.

பார்வைக்கு மாடுலர்தான் எடுப்பு, அதில் சந்தேகமில்லை. செலவில் எங்கள் வழி பாதியைக்கூடத் தொடவில்லை. இந்த இரண்டையும் எல்லோரும் யோசித்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது ஈரம் பற்றி.

மதுரையில் அக்கா வீட்டில் முழு மாடுலர். நான்காம் வருடம் சிங்க் அடியில் இருந்த பெட்டியின் அடிப்பலகை ஊதி, கதவு மூட முடியாமல் போனது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கழிவுநீர்க் குழாய் இணைப்பில் வாஷர் தளர்ந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. பெட்டி மூடியே இருந்ததால் பல மாதம் யாருக்கும் தெரியவில்லை. பலகையின் மேலும் கீழும் லேமினேட் (தண்ணீர் இறங்காத மெல்லிய தகடு) ஒட்டியிருக்கிறது. ஆனால் குழாய்க்காகப் போட்ட ஓட்டையின் ஓரம் வெறும் மரம். தண்ணீர் உள்ளே போன வழி அதுதான்.

"710 கிரேடு மரைன் பிளை போட்டால் ஒன்றும் ஆகாது" என்பார்கள். ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்தான் ஐஎஸ் 710. நல்ல தரம்தான், கதவுக்கு நானும் அதையே போட்டேன். அந்தத் தரத்துக்கான சோதனையில் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு, அடுக்குகளை ஒட்டிய பசை விடுகிறதா என்று பார்க்கிறார்கள். பசை தாங்கும். ஆனால் காற்றுப் படாத இடத்தில் எப்போதும் ஈரமாகவே இருந்தால் மரம் மரம்தானே, உளுத்துப்போகும். கரையானுக்கும் அந்த ஈரம்தான் அழைப்பு. மரநாரையும் மரத்தூளையும் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு என்றால் கேட்கவே வேண்டாம், ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்கு வராது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் சமையலறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுவோம். மாடுலர் பெட்டிகள் நான்கு அங்குலக் காலில் நிற்கும், அந்த இடைவெளியை முன்னால் ஒரு பட்டி வைத்து மறைத்துவிடுவார்கள். உள்ளே போன தண்ணீர் எப்போது காயும்? கல் தட்டில் இந்தக் கவலையே இல்லை. கசிந்தால் துடைத்துவிடலாம். எது கெட்டாலும் கதவுதான் கெடும், அதை மட்டும் கழற்றி மாற்றலாம். சிங்க் அடிக்கு மட்டும் காற்று போக இடுக்கு வைத்த அலுமினியக் கதவு போட்டோம். மற்ற கதவுகளும் தரையில் இருந்து ஓர் அங்குலம் தூக்கியே இருக்கின்றன.

கல்லிலும் குறை உண்டு. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சை, புளி, ஊறுகாய்ச் சாறு வடிந்தால் வெளுத்த தடம் விழும், போகாது. ஜாடிகளுக்கு அடியில் தட்டு வைக்கிறோம். இன்னொன்று ஆழம். மேடை இரண்டடி உள்ளே போகிறது. "பின்னாடி என்ன இருக்குன்னே தெரியலடா, குனியவும் முடியல" என்று அம்மா முதல் வாரமே சொன்னார். முட்டி வலி இருப்பவர்களுக்கு இழுப்பறையைப் போல வசதி வேறு இல்லை, அதில் மாடுலர்தான் ஜெயிக்கும். அதனால் அடுப்புக்குப் பக்கத்துத் தடுப்பில் மட்டும் கல்லை எடுத்துவிட்டு மூன்று இழுப்பறை செய்தோம். அன்றாடம் எடுக்கிற பருப்பு, மசாலா, கரண்டி எல்லாம் அங்கே. பெரிய பாத்திரங்கள் கல் தட்டில்.

கல் தட்டு ஏற்கெனவே இருக்கிற வீட்டுக்குத்தான் இவ்வளவும். புது அபார்ட்மென்டில் ஒன்றுமே இல்லை என்றால் கல் பதிக்கச் சுவரை வெட்ட வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அங்கே மாடுலரே சரி. ஆனால் சிங்க் அடியில் மட்டும் பெட்டி வைக்காமல், டைல்ஸ் ஒட்டிய வெறும் இடமாக விட்டு முன்னால் கதவு போடச் சொல்லுங்கள். குழாய் ஓட்டை எங்கே வந்தாலும் அதன் ஓரத்தை ஆசாரி சிலிகான் வைத்து அடைத்தாரா என்று வேலை நடக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

முழுக்க அலுமினியத்தில் செய்யும் பெட்டிகளை நான் புழங்கிப் பார்த்ததில்லை. பிவிசி பலகையைத் தெரிந்த ஒரு வீட்டில் பார்த்தேன். தண்ணீருக்கு அசையவில்லை, அடுப்புக்குப் பக்கத்துக் கதவு வளைந்து, கீல் திருகுகள் ஆட்டம் கண்டிருந்தன. ஒரே வீடு என்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்கள் கதவுகளுக்கும் இரண்டு வயதுதான். அடுத்த மழைக்காலத்துக்கு முன் சிங்க் பக்கத்துச் சட்டத்தை ஒருமுறை கழற்றிப் பார்க்கப் போகிறேன்.