நெற்றியில் ஒட்டும் சென்சாரா, கழுத்துச் சிரையில் கதீட்டரா?

மயக்கத்தில் இருப்பவரின் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 99 சதவீதம் என்று காட்டும். அதே நேரத்தில் அவர் மூளை ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம். விரல் தமனியைத் தாண்டி அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதைக் கொண்டு என்பதுதான் கேள்வி.

நெற்றி சென்சாரின் அடிப்படையை 1977-இல் விஞ்ஞானி ஃபிரான்ஸ் யோப்சிஸ் காட்டினார்: அண்மை அகச்சிவப்பு ஒளி மண்டையோட்டைக் கடந்து போகும். திரும்பி வரும் ஒளியிலிருந்து சென்சார் ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் கணக்கிடும். ஒளி படும் இடத்தில் பெரும்பங்கு சிரை ரத்தம் என்பதால் 60 முதல் 75 வரை காட்டினாலே இயல்புதான். ஊசி இல்லை, நாடித்துடிப்பும் தேவையில்லை. இதயத்தை நிறுத்திவிட்டுப் பம்ப்பில் ரத்தம் ஓட்டும்போது விரல் கருவி தடுமாறும், இது தொடர்ந்து காட்டும். குறையும் உண்டு. மூளையில் நெற்றிப் பகுதியைத் தவிர மற்ற பகுதிகளைப் பார்க்காது. தோலின் ரத்தமும் கணக்கில் கலந்துவிடும். ரத்த அழுத்தம் ஏற்ற ஃபினைலெஃப்ரின் கொடுத்ததும் எண் இறங்கினால், இறங்கியது மூளையிலா தோலிலா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

ஜுகுலர் என்ற கழுத்துச் சிரைக்குள் விடும் மெல்லிய குழாயான கதீட்டர் அப்படிக் குழப்பாது. மூளையிலிருந்து வெளியேறும் ரத்தத்தின் ஆக்சிஜனையே அளக்கிறது. 55 முதல் 75 இயல்பு, 50-க்குக் கீழே போனால் ஆபத்து. ஆனால் கழுத்தில் ஊசி போட வேண்டும். பல பகுதிகளின் ரத்தம் ஒன்றாகக் கலந்து வருவதால், சிறு இடத்தில் வரும் பற்றாக்குறை அதில் கரைந்துபோகும்.

கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியின் அறுவையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு: கழுத்தை மட்டும் மரக்கவைத்து, நோயாளியோடு பேசிக்கொண்டே இருப்பது. தமனியைக் கவ்வியதும் பேச்சு குழறினால் உடனே ஷன்ட், அதாவது ரத்தத்துக்கு மாற்றுப் பாதை தரும் தற்காலிகக் குழாய், வைக்கலாம். இந்த முறையை முழு மயக்கத்தோடு ஒப்பிட்டு 3,526 பேரைச் சேர்த்த கலா (GALA) ஆய்வில் (2008) விழித்திருந்தவர்களுக்கு ஷன்ட் மிகக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் பக்கவாதம், மாரடைப்பு, மரணம் ஆகியவற்றில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவில் செய்யும் அறுவைக்கு நான் நெற்றி சென்சாரைத்தான் சொல்வேன், அதுவும் இரு பக்கமும். அந்த அறுவையில் மூளைக்குப் பம்ப்பிலிருந்து வலப்பக்கம் மட்டும் ரத்தம் செலுத்தும்போது இடப்பக்க எண் சரிந்தால், இடது மூளைக்கும் தனியாக ரத்தம் தர வேண்டுமா என்று அப்போதே யோசிக்கலாம். கதீட்டரில் இந்த இட வல வேறுபாடு தெளிவாகத் தெரியாது. ஒன்றே ஒன்று: மயக்க மருந்து கொடுக்கும் முன்பே தொடக்க அளவைக் குறித்துவிடுங்கள். கருவிக்குக் கருவி எண் மாறும். 70-இல் தொடங்கியவருக்கு 56 என்பது ஐந்தில் ஒரு பங்கு சரிவு, 58-இல் தொடங்கியவருக்கு அது பெரிய மாற்றமே இல்லை.