அடுப்படிக்கு ஒரு எலக்ட்ரானிக் தராசு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளியை நிறுத்துத்தான் ஆளுக்குக் கொடுப்போம், நிறுத்துத்தான் திரும்ப வாங்குவோம். சேதாரம் ஒரு கிராம் கூடினாலும் விடமாட்டோம். அப்படிப்பட்ட வீட்டில் எண்ணெயை மட்டும் யாரும் அளந்தது கிடையாது.

நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற தொழில். எடை 86 கிலோ, இடுப்பு 98 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வாய்ப்புக் கூடும் என்று டாக்டர் சொன்னார். அவர் அனுப்பிவைத்த உணவு ஆலோசகரம்மா பட்டினி, பவுடர் எதையும் சொல்லவில்லை. "முதல்ல அடுப்படிக்கு ஒரு தராசு வாங்குங்க" என்றார்.

கடைவீதிப் பாத்திரக் கடையில் 500 ரூபாய்க்குள் கிடைத்தது. பேர் சொல்லும்படியான கம்பெனி இல்லை. இதே அச்சு வேறு வேறு பெயரில் எங்கும் விற்கிறது. 5 கிலோ தாங்கும், 1 கிராம் வரை காட்டும். தொழில் புத்தி விடுமா? பட்டறையிலிருந்து முத்திரை போட்ட எடைக்கற்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். 500 கிராம் கல்லுக்கு 501, 100க்குச் சரியாக 100. 5 கிராம் கல்லுக்கு ஒரு தடவை 4, மறு தடவை 6. ஆக அரிசி, பருப்பு, எண்ணெய்க்குத் தாராளமாகப் போதும். ஏலக்காய், குங்குமப்பூ நிறுக்க இது ஆகாது. கடையில் வைத்து வியாபாரம் பண்ணவும் கூடாது, அதற்கு முத்திரைத் தராசு வேண்டும்.

இதில் இருக்கிற நல்ல வசதி 'டேர்' பொத்தான். பாத்திரத்தை வைத்து அமுக்கினால் பூஜ்யம் ஆகிவிடும், உள்ளே போடுவது மட்டும் எடையாக வரும். ஆனால் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஏமாற்றும். மெதுவாக ஏறுகிற எடையை மெஷின் கணக்கில் எடுக்காமல் பூஜ்யத்திலேயே நிற்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. எண்ணெய்ப் பாட்டிலையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு எடுங்கள். வாணலியில் ஊற்றிவிட்டு மறுபடி வையுங்கள். மைனஸ் போட்டு ஒரு எண் வரும். அதுதான் ஊற்றிய எண்ணெய்.

எங்கள் வீட்டில் முதலில் வந்தது மைனஸ் 42. ஒரே ஒரு வாழைக்காய் வறுவலுக்கு! எண்ணெய் எந்தச் செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. 42 கிராம் என்றால் 380 பக்கம் வந்துவிடுகிறது. உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கே 25 கிராம் எண்ணெய் போதும் என்றிருந்தார் அந்த அம்மா. நாலு பேருக்கு மாதம் 3 கிலோ. நாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது 5 லிட்டர் டின் கடலெண்ணெய், மாதக் கடைசியில் பத்தாமல் ஒரு பாக்கெட் வேறு. இப்போது அதே டின் ஒன்றரை மாதம் வருகிறது. மெஷின் காசு அதிலேயே வந்துவிட்டது என்பது வீட்டுக்காரம்மாவின் கணக்கு.

எடை குறைக்க என்றால் சோற்றில்தான் கை வைப்பார்கள். நிறுத்துப் பார்த்தால் சோறு நான் பயந்த அளவுக்கு இல்லை. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. வெந்ததும் தண்ணீர் குடித்து மூன்று பங்காகிவிடும். அதனால் பச்சை எடையா, வெந்த எடையா என்று ஒன்றை முடிவு பண்ணிக்கொள்ள வேண்டும், கலந்தால் கணக்கு நாறிவிடும். எனக்கு ஆச்சரியம் பருப்பில். சாம்பாருக்கு நாலு பேருக்கும் சேர்த்து 100 கிராம்தான் துவரம்பருப்பு போட்டிருக்கிறோம். புரதம் ஆளுக்கு ஐந்தாறு கிராம் வந்தாலே பெரிசு. தராசு வந்த பிறகு குறைந்தது எண்ணெய், கூடியது பருப்பும் முட்டையும். லீ பஜாரில் கொண்டைக்கடலை வாங்கிச் சாயங்காலச் சுண்டலுக்கு நிறுத்துப் போடுகிறோம். வயிறு நிறைந்திருப்பதால் ராத்திரி டப்பாவைத் திறப்பது நின்றது. அதற்கு முன்னால் டிவி பார்த்தபடி ஒரு கை வறுத்த வேர்க்கடலை என்பது 40 கிராம், 220 கலோரிக்கு மேல். மாம்பழத்தைப் பார்த்துப் பயந்தேன். தோல், கொட்டை போக 100 கிராமுக்கு 60 கலோரிதான். மல்கோவாவை விட வேண்டியதில்லை.

தட்டுவடை செட்டையும் (இரண்டு தட்டைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தருவது) பார்சல் வாங்கிவந்து இதன்மேல் வைத்தேன். எடையைக் காட்டியது, குடித்திருக்கிற எண்ணெயைக் காட்ட எந்தத் தராசாலும் முடியாது. வெளிச் சாப்பாட்டுக்கு இது உதவாது. செட்டை வாரத்துக்கு ஒன்றாக்கிக்கொண்டேன். சேலத்தில் இருந்துகொண்டு அடியோடு விட்டேன் என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

கார்த்திகையில் வாங்கியது. இப்போது 79 கிலோ. வாரக் கணக்குப் பார்த்தால் கால் கிலோவை ஒட்டி வரும். அரை கிலோவே நல்ல வேகம் என்கிறார் டாக்டர். மாதம் பத்துக் கிலோ விளம்பரம் பார்த்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். காலையில் நடக்கவும் நடக்கிறேன், எல்லாப் புகழையும் மெஷினுக்குக் கொடுக்க முடியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய தட்டை வைத்தால் எண் தெரியாமல் மறைந்துவிடும், குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்து, போட்ட கணக்கெல்லாம் போய்விடும். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைக்கக் கூடாது. கீழே மேடை சமமாக இல்லாவிட்டால் எண் ஆடும்.

எல்லாவற்றையும் ஆயுசுக்கும் நிறுக்கத் தேவையில்லை. கண்ணுக்கு அளவு பழகிவிட்டது. இப்போது எண்ணெயும் கடலையும் மட்டும்தான் தராசுக்கு வருகிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். வளர்கிற பிள்ளைகள் தட்டை இதில் வைக்கவே வேண்டாம். என் மகள் ஆர்வமாக வந்தாள், தோசைமாவு நிறுக்கக்கூட நான் விடவில்லை.

வாங்குகிறவர்கள் ரிமோட்டுக்குப் போடுகிற ட்ரிபிள் ஏ பேட்டரி மாடலாகக் கேட்டு வாங்குங்கள். பொத்தான் பேட்டரி மாடலும் அதே விலைதான், ஆனால் தீர்ந்துபோனால் தெருமுனைக் கடையில் கிடைக்காது.