மோதலில் பிறக்கும் டியூட்டரான்: வெப்பக் கணக்கா, பிற்பாடு சேர்ந்ததா?

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் எச்2 (உயர்நிலை) இயற்பியல் எடுத்து, அணுக்கருவைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று காட்டும் பிணைப்பாற்றல் வளைகோட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே உறுத்தும். டியூட்டரான் என்பது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு; அவற்றைப் பிரிக்க 2.2 மெகா எலெக்ட்ரான்வோல்ட் (துகள் இயற்பியலின் ஆற்றல் அலகு) போதும். ஜெனீவாவில் எல்எச்சி என்ற துகள் முடுக்கி வளையத்தில் ஈய அணுக்கருக்கள் மோதும்போது துகள்கள் உருவாகி வெளிவரும் வெப்பநிலையோ, அதே ஆற்றல் அலகில் சொன்னால், சுமார் 156 மெகா எலெக்ட்ரான்வோல்ட். ஏறத்தாழ எழுபது மடங்கு! இருந்தும் அங்குள்ள ஆலிஸ் என்ற துகள் உணர்கருவியில் டியூட்டரான், ஹீலியம்-3, ஹீலியம்-4, இவற்றின் எதிர் அணுக்கருக்கள் (எதிர்ப்பொருளால் ஆனவை) எல்லாமே பதிவாகின்றன. இவை எப்படிப் பிறக்கின்றன என்பதில்தான் சண்டை.

ஒரு தரப்பான வெப்ப மாதிரிக்காரர்கள், துகள் பிறக்கும் வழியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நிறை, வெப்பநிலை, கன அளவு இவற்றைக் கொடுத்தால் ஒவ்வொரு துகளும் எத்தனை வரும் என்று சொல்லிவிடுவார்கள். 2018இல் ஆண்ட்ரோனிக் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில், பையான் என்ற இலேசான துகளிலிருந்து அணுக்கருக்கள் வரை, சுமார் நூறு கோடி மடங்கு வித்தியாசப்படும் எண்ணிக்கைகள் ஒரே வெப்பநிலையில் பொருந்தின. ஈய மோதலில் அணுக்கருவில் ஒரு நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) கூடும்போதெல்லாம் எண்ணிக்கை சுமார் 300 மடங்கு குறைவதும் இதில் தானாக வந்துவிடும். அசத்தலான பொருத்தம்தான். ஆனால் அவ்வளவு தளர்வாகப் பிணைந்த பொருள் அந்தச் சூட்டை எப்படித் தாங்கியது என்று கேட்டால் கிடைக்கும் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. முதலில் கச்சிதமான குவார்க் உருண்டையாகப் பிறந்து, பிறகு அணுக்கருவாக விரிகிறதாம்.

எதிர்த்தரப்பான கோலெசன்ஸ் (ஒன்றிணைதல்) மாதிரி 1960களின் தொடக்கத்திலேயே பட்லர், பியர்சன் இருவரும் போட்ட விதை. எல்லாம் ஆறிப் பிரியும் நேரத்தில், இடத்திலும் உந்தத்திலும் அருகருகே இருக்கும் புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்துகொள்கின்றன என்பது அதன் வாதம். இதில் அணுக்கருவின் அளவு முக்கியம். ஆகவே சோதித்துப் பார்க்கலாம்.

ஈயத்தோடு ஈயம் மோதும்போது இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தருவதால், அங்கே தீர்ப்புத் தேடுவது வீண். சின்ன மோதலில்தான் பிடி கிடைக்கும். ஹைப்பர்டிரைட்டானை எடுத்துக்கொள்ளுங்கள்: புரோட்டான், நியூட்ரான், கூடவே நியூட்ரானைவிடக் கனமான ஒரு லாம்டா துகள்; இவை சேர்ந்த அணுக்கரு அது. அந்த லாம்டா சுமார் 0.1 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டில் தொங்கிக்கொண்டு, சராசரியாகப் பத்து ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் ஏறத்தாழ புரோட்டான் அளவு) தள்ளி நிற்கிறது. புரோட்டான்-ஈய மோதலின் களமோ ஒன்றிரண்டு ஃபெம்டோமீட்டர்தான். ஓரறை வாடகை வீட்டுக்குள் கல்யாணப் பந்தி போடுவது மாதிரி. கோலெசன்ஸ் சரியென்றால் இங்கே உற்பத்தி நன்றாகவே குறைய வேண்டும். 2022இல் ஆலிஸ் வெளியிட்ட அளவீடு அந்தப் பக்கமே சாய்ந்தது. வெப்ப மாதிரியின் சில வடிவங்கள் அடிபட்டுப் போயின. அமெரிக்காவில் ஸ்டார் ஆய்வுக் குழு தங்க அணுக்கரு மோதல்களில் எண்ணிய டிரைட்டான்களும் (ஒரு புரோட்டான், இரண்டு நியூட்ரான் கொண்ட அணுக்கரு) வெப்ப மாதிரி சொன்னதைவிடக் குறைவுதான்.

அதற்காகக் கோலெசன்ஸுக்கு மாலை போட்டுவிட முடியாது. எதிர்-டியூட்டரான் எண்ணிக்கை மோதலுக்கு மோதல் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஆலிஸ் பார்த்தபோது, அதன் எளிய வடிவங்கள் தடுமாறின. அடிப்படையான ஒரு சிக்கலும் உண்டு. என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு மாணவி சட்டென்று கேட்டாள்: "சார், ரெண்டு பேர் மட்டும் சேர்ந்தா மிச்ச ஆற்றல் எங்க போகும்?" சரியான கேள்வி. ஆற்றலும் உந்தமும் ஒருசேரக் காக்கப்பட வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒன்று அந்த மிச்சத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். எளிய கோலெசன்ஸ் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

அந்த மூன்றாவது ஆள் பையான் என்பது இன்னொரு தரப்பு. இரு நியூக்ளியான்களும் ஒரு பையானும் சந்திக்க, டியூட்டரானும் பையானும் வெளிவரும்; எதிர்த்திசையிலும் நடக்கும். நான் இந்தப் பக்கம்தான். காரணம், ஆலிஸ் 2025இல் வெளியிட்ட முடிவு. புரோட்டான்-புரோட்டான் மோதலில் பையானுக்கும் டியூட்டரானுக்கும் உள்ள தொடர்பை அளந்தபோது, டெல்டா போன்ற குறுவாழ்வுத் துகள்கள் சிதைந்த தடயம் அதில் தெரிந்தது. டியூட்டரான்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு அப்படிச் சிதைந்து வந்த நியூக்ளியான்களிலிருந்து உருவானவை. அதாவது, சூடு உச்சத்தில் இருந்தபோது அவை பிறக்கவே இல்லை. தாங்கினவா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஆனால் இது சின்ன மோதலில் கண்டது. ஈய மோதலுக்கு அப்படியே எடுத்துப் போட்டுவிடக் கூடாது.

விண்வெளியில் எதிர்-டியூட்டரான் தேடுபவர்களுக்கு இந்த வேறுபாடு பணக்கணக்கு அளவுக்கு முக்கியம். கரும்பொருளிலிருந்து வந்ததா, காஸ்மிக் கதிர் விண்மீன்களுக்கிடையேயான வாயுவில் மோதியதால் வந்ததா என்று பிரிக்க, சின்ன மோதல் ஒவ்வொன்றும் எத்தனை தரும் என்பது தெரிய வேண்டும். அங்கே ஈய மோதலுக்குப் பொருந்திய வெப்பக் கணக்கை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.